தோழிக்குத் தனிக்குடித்தனம்

முதல் மாப்பிள்ளை வீட்டார் என்னை வேண்டாம் என்றதற்குக் காரணம் ஒரு தேங்காய். இரண்டாவது வீட்டார் வேண்டாம் என்றதற்குக் காரணம், என் அப்பா ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டது. இரண்டு இடத்திலும் என்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பெண் நல்ல பெண், படிப்பு உண்டு, வேலை உண்டு, ஆனால் வீட்டுச் சான்று ஐம்பத்தெட்டுதானே என்றார்கள். அடுத்த தடவை அறுபத்தொன்று. எனக்கு வந்த ஆத்திரத்தில், கூரையிலிருந்த தோழியைத் தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்துவிடலாம் போலிருந்தது.

தோழி ஓர் ஆள் இல்லை. பாளையங்கோட்டையில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் வீட்டுக்கு ஒன்றாகக் கூடத்துக் கூரையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். தோசைக்கல் அளவில் வெள்ளை வட்டம், நடுவில் பச்சை விளக்கு. தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்துவது, கேஸ் கசிந்தால் மூடுவது, குக்கர் விசிலை எண்ணிச் சொல்வது எல்லாம் அதன் பொறுப்பு. கூடவே, வீட்டில் பேசுவதையும் கேட்டுக்கொண்டிருக்கும். இதைக் கெட்ட எண்ணத்தில் யாரும் தொடங்கவில்லை. நாலு சுவருக்குள் அடிவாங்கும் பெண்களுக்கு உதவி போய்ச் சேரட்டும் என்றுதான் தொடங்கினார்கள், பலர் அதனால் பிழைத்தும் இருக்கிறார்கள். பிறகு எவனோ ஒரு புத்திசாலி, கேட்பதுதான் கேட்கிறது, அப்படியே மதிப்பெண்ணும் போடட்டுமே என்றான். மாதாமாதம் நூற்றுக்கு இத்தனை என்று இணக்கச் சான்று வர ஆரம்பித்தது. வாடகைக்கு வீடு கேட்டால் சான்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கச் சான்று என்று போய், கடைசியில் கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு சேர்த்து அதையும் கேட்டார்கள். ஜாதகத்திலாவது பரிகாரம் உண்டு.

அதன் பிறகு ஊரே வீட்டுக்குள் மரியாதையாகப் பேச ஆரம்பித்தது. சண்டை எங்கே போகும்? மொட்டை மாடிக்குப் போயிற்று. எங்கள் கட்டிடத்தில் இருபத்து நாலு வீடு, மாடி ஒன்றுதான். நெரிசல் தாங்காமல் குடியிருப்போர் சங்கம் நேரம் ஒதுக்கிப் படிக்கட்டில் பட்டியல் ஒட்டியது. முதல் தளத்துக்குக் காலை ஏழிலிருந்து ஏழரை. ஏழே முக்காலுக்கு அடுத்த தளத்தார் போய் நின்றால், "இன்னும் முடியல, மாமியார் விசயம் மட்டும் பாக்கி" என்று மேலேயிருந்து பதில் வரும்.

என் அம்மா பகவதி அந்தப் படியில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். அம்மா தையல் வகுப்பு நடத்துகிறவள். பத்துத் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"சண்டைக்கு டோக்கன் போட்டா ஏறணும்? மேல போய்ச் சேரதுக்குள்ள எதுக்குன்னே மறந்துருது எனக்கு," என்பாள்.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா சங்கரபாண்டியனும் அதில் அவள் கட்சி. "அங்க போயிச் சண்ட போட்டா, வரிசைல நிக்கவனெல்லாம் தீர்ப்பு சொல்லுதான். நம்ம சண்டைக்கு ஊரான் எதுக்கு?"

என் அப்பாவும் அம்மாவும் முப்பத்தோரு வருடமாகத் தினமும் சண்டை போடுகிறவர்கள். கை நீட்டியதில்லை, சாப்பாட்டில் கோபத்தைக் காட்டியதில்லை. தேங்காய் முற்றலா இளசா, விசிறி இரண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று காலையில் ஆரம்பித்தால் பலகாரம் ஆவதற்குள் முடிந்துவிடும். சண்டை இல்லாத நாளில் இரண்டு பேருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். ஆனால் கூரையிலிருக்கும் தோழிக்கு அதெல்லாம் தெரியாது, சத்தம் ஏறினால் மதிப்பெண் இறங்கும்.

எனக்கு மூன்றாவதாக வந்த இடம்தான் தளவாய். வந்த இடம் என்று சொல்வது தப்பு, நானே போய்ப் பார்த்த இடம். மாவட்டத்து மருத்துவமனைகளின் நெட்வொர்க்கைப் பராமரிப்பது என் வேலை. அம்பாசமுத்திரம் கால்நடை மருத்துவமனையில் ஒரு கன்றுக்குட்டி கேபிளை மென்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனால், டாக்டர் தளவாய் கன்றின் வாயைப் பிளந்து பிடித்துக்கொண்டு, "மேடம், மிச்சக் கேபிள் உள்ளதான் இருக்கு, ஒரு நிமிசம்" என்றார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. அவருக்கும் பிடித்திருந்தது என்பது, அடுத்த மாதம் எந்தக் கன்றும் மெல்லாமலே இரண்டு தடவை நெட் போயிற்று என்று கூப்பிட்டதில் தெரிந்தது.

எல்லாம் சரி. அவருடைய அம்மா செண்பகவல்லி பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். சான்று பார்க்காமல் படியேற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர்கள் வீட்டு மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.

எங்கள் வீட்டில் அன்றைக்கு அவசரக் கூட்டம் நடந்தது, சைகையில். அப்பா வாயில் விரலை வைத்துக் காட்டினார். அம்மா தலையை ஆட்டினாள். ஒரு மாதம் வாயைத் திறப்பதில்லை என்று இரண்டு பேரும் என் தலையில் கை வைத்தார்கள்.

அந்த மாதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அப்பா செய்தித்தாளைப் படித்தார், மடித்தார், மறுபடி படித்தார். அம்மா பஸ் ஏறிப் போய் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் தனியாகக் கத்திவிட்டு வந்தாள். ஒரு மத்தியானம் அப்பா பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். பிறகு அம்மா உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தவள், சாம்பாரில் உப்பே போடவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். அடுக்களைக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உப்பில்லன்னு சொல்லக்கூட ஆளில்லாமப் போச்சேட்டி எனக்கு," என்று என் காதுக்குள் சொன்னாள்.

மாதம் முடிந்து சான்று வந்தது. தொண்ணூற்றொன்று. நான் அதைச் செண்பகவல்லி அம்மாளுக்குப் பார்வை அனுமதியோடு அனுப்பினேன். எங்கள் சான்று மாறினால் அவர் போனில் தானாகவே தெரியும், அதுதான் வழக்கம். ஐம்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பதில் வந்தது. இன்னும் ஐம்பது நாள் உப்பில்லாத சாம்பாரா? என்னால் முடியாது. அப்பாவையும் அம்மாவையும் மாடிப்படிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"தோழிய இணையத்துல இருந்து பிரிச்சு வைக்கப் போறேன்," என்றேன்.

"பிடுங்கியே போட்டுரு, சவத்த," என்றார் அப்பா, ஒரு மாதத்துக்குப் பிறகு திறந்த வாயால்.

"பிடுங்கினா மோட்டார் ஓடாது, கேஸ் தெறக்காது. அதோட, கருவி அகற்றப்பட்டதுன்னு சான்றுல செவப்புல போட்டுருவான். செவப்பு விழுந்த வீட்டுக்கு எவன் பொண்ணு பாக்க வருவான்?"

"அப்ப எப்பிடி?"

"நம்ம ரூட்டர்ல ரெண்டு வைஃபை இருக்குப்பா. ஒண்ணுல நம்ம போனு, டிவி எல்லாம் ஓடுது. இன்னொண்ணு ‘விருந்தாளி’ன்னு பேரு, சும்மா கெடக்கு. தோழியையும் மோட்டாரையும் கேஸையும் அந்த வைஃபைக்கு மாத்திட்டு, அதுல இருந்து வெளிய போற வழிய அடைச்சிருதேன். மூணும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடும், வேலை நடக்கும். ஊருக்குத் தகவல் சொல்ல முடியாது."

அப்பா முகம் தெளிந்தது. "உள்லைன் ஓடும். வெளி ஃபீடர மட்டும் கட் பண்ணுத."

"அதேதான்."

"தனிக்குடித்தனம் வைக்கான்னு சொல்லுங்க," என்றாள் அம்மா.

"நாள்கணக்கா சத்தத்தக் காணுமேன்னு தேட மாட்டானா?" என்று கேட்டார் அப்பா.

"நெட் இல்லாத வீடு எத்தனையோ இருக்கு. அறுவது நாளைக்குப் பழைய சான்றே செல்லும். ஆனா ஒண்ணு. அது கேக்கத நிறுத்தாது, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கிடும். வெளிய வழி கெடைச்சா மொத்தத்தையும் ஒரேயடியா அனுப்பிரும். அதனால கல்யாணம் பேசி முடியிற வரைக்கும் யாரும் ரூட்டர்ல கை வைக்கக்கூடாது. கேட்டியளாப்பா?"

"நான் எதுக்கும்மா அதுல கைய வைக்கேன்?" என்றார் அப்பா. நெட் நின்றால் திரும்பப் போட என்று அவர் போனில் ரூட்டர் செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தவள் நான்தான். அன்றைக்கே அதை எடுத்திருக்க வேண்டும். புத்தி வரவில்லை.

பத்து நிமிட வேலை. ரூட்டரில் விருந்தாளி என்ற பக்கத்தைத் திறந்து, மூன்று கருவிகளையும் அதில் சேர்த்து, ‘இணைய அனுமதி’ என்பதற்கு எதிரே இருந்த பொத்தானைத் தடை பக்கம் தள்ளினேன். தோழியின் பச்சை விளக்கு மஞ்சளாயிற்று. மோட்டார் ஓடிற்று, கேஸ் எரிந்தது. அம்மா கூரையை ஒரு தடவை பார்த்தாள். அப்பாவை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏங்க," என்று ஆரம்பித்தாள். "ஒரு மாசமா அந்த ஈரத் துண்டு எங்க கெடக்குன்னு பாத்தியளா? பாக்க மாட்டீய. ஏன்னா அது மேலதானே படுத்துத் தூங்குதீய!"

"நீ பாத்தேல்லா? எடுத்துக் கொடில போட்டா கை தேஞ்சுருமோ?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். முப்பது நாள் பாக்கியை ஒரே காலையில் தீர்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு அம்மா வைத்த சாம்பார் மாதிரி அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, அப்புறமும் சாப்பிட்டதில்லை.

ஐம்பது நாள் வீடு வீடாக இருந்தது. எனக்குத்தான் உள்ளுக்குள் உறுத்தல். தளவாயிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் தன் அம்மாவிடம் மறைக்க வேண்டிவரும், மறைக்கத் தெரியாத மனிதர். சொல்லாவிட்டால் பொய்ச் சான்றைக் காட்டி அவரைக் கட்டிக்கொள்வதாகும். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பேன், மாட்டுக் கதை பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள், மூன்று பேர். செண்பகவல்லி அம்மாள் வாசலிலேயே நின்று கதவு எண்ணைச் சான்றில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். அவர் கணவர் ஆறுமுகநயினார் பின்னாலேயே வந்து, எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். உட்காரச் சொன்னதற்கு ஓர் ஆட்டு, தண்ணீருக்கு ஓர் ஆட்டு. புருசனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. தளவாய் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அம்மா பயத்தில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாள். "என்னங்க, விருந்தினர்களுக்கு விசிறியைச் சற்று வேகமாக வையுங்கள்," என்றாள். அப்பாவும், "அப்படியே செய்கிறேன், பகவதி," என்றார். நான் காப்பி கலக்க அடுக்களைக்குள் ஓடினேன். ஒரு ஈடு வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் கிடக்க, வெந்ததை அடுக்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அந்தப் பேச்சு கேட்டது.

"எங்க மக மஸ்கட்ல இருக்கா. பொண்ண வீடியோல பாக்கணும்னு காத்துக்கிட்டு இருக்கா. இங்க சிக்னல் எடுக்கலியே," என்றார் செண்பகவல்லி அம்மாள்.

"அதுக்கென்ன, வைஃபை இருக்கு!" என்று அப்பா குரல் கொடுத்தார்.

எங்கள் அப்பா வீட்டுக்கு யார் வந்தாலும் கைநீட்டிக் கேட்ட பொருளை இல்லை என்று சொன்னவர் இல்லை. என்ன நடந்தது என்பதைப் பிற்பாடுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். செயலியைத் திறந்திருக்கிறார். இரண்டு வைஃபை தெரிந்திருக்கிறது. வந்திருப்பது விருந்தாளி, விருந்தாளி என்றே ஒன்று இருக்கிறது, அப்புறம் என்ன யோசனை? அதன் கடவுச்சொல்லை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர்கள் போட்டுப் பார்த்துவிட்டு, சேர்கிறது, ஆனால் நெட் வரவில்லையே என்றிருக்கிறார்கள். அப்பா மறுபடி பார்த்திருக்கிறார். விருந்தாளி, இணைய அனுமதி, தடை என்று சிவப்பில் எழுதியிருக்கிறது.

"விருந்தாளிக்குத் தடையாமே! எவன் எழுதி வச்சான் இத?" என்று அப்பா கோபப்பட்டது என் காதில் விழுந்தது.

காப்பித் தம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். "யப்பா!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவர் பொத்தானைத் தள்ளிவிட்டு, பெருமையாக நிமிர்ந்து, "இப்பப் பாருங்க தங்கச்சி," என்றார்.

கூரையில் மஞ்சள் விளக்கு பச்சையாயிற்று. பச்சை வேகவேகமாகச் சிமிட்டிற்று. ஐம்பத்தோரு நாள் மொத்தமும் போய்க்கொண்டிருந்தது. நான் பாய்ந்து ரூட்டருக்கு வரும் நெட் வயரை உருவினேன். அதற்குள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. மஸ்கட் மகளுக்கு முன்னால் சான்று விவரத்தோடு வந்துவிட்டது, செண்பகவல்லி அம்மாளின் போன் மணியடித்தது.

அவர் பார்த்தார். "தொண்ணூத்தொண்ணு இருந்துச்சு," என்றார். "இப்பப் பதினேழுன்னு காட்டுது."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். செய்தி வாசிக்கிறவள் அத்தோடு போனாள்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னா பிள்ள! ரூட்டர்ல கைய வைக்காதீயன்னு! ஊருக்கெல்லாம் லைட் போட்ட மனுசன், சொந்தப் பிள்ள வாழ்க்கைல ஃபியூஸப் பிடுங்கிட்டீயளே!"

"விருந்தாளிக்கு நெட் இல்லன்னு சொல்லச் சொல்லுதியா? மானம் போயிராது?"

"இப்ப மானம் எங்க இருக்குன்னு பாருங்க! அந்தம்மா கையில இருக்கு!"

எனக்குத் தளவாயைப் பார்க்கவே தைரியமில்லை. ரூட்டரைத் தொடாமல் இருந்திருந்தால் அறுபத்தைந்து மதிப்பெண்ணாவது வந்திருக்கும், நான் கெட்டிக்காரத்தனம் பண்ணப்போய் எல்லாம் போயிற்று. இனி வாய்விட்டு அழுவதுதான் பாக்கி என்று நின்றேன். "அத்தை, தப்பு என்னோடதுதான். ரூட்டர்ல நான்தான் அடைச்சு வச்சேன். அவுக ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்லாதீய," என்று மட்டும் சொன்னேன்.

செண்பகவல்லி அம்மாள் எழுந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டார். மதிப்பெண்ணுக்குக் கீழே விவரம் என்று ஒன்று இருக்கும். ஊரில் யாரும் அதைத் திறந்ததில்லை, எல்லோருக்கும் எண் போதும். முப்பது வருடம் பத்திரம் பார்த்தவர் எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுவாரா? முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார், அலுவலகத்தில் படிக்கிற மாதிரி உரக்க, ஏற்ற இறக்கம் இல்லாமல். முதல் நாள் துண்டுச் சண்டை முடிந்து அடுத்த நாள் வந்தது.

"ஜூலை பதினாலு. காலை ஆறு நாற்பது. இல்லத்தரசி: ‘இதத் தேங்காய்னு வாங்கிட்டு வந்தீயளே, கடைக்காரன் கண்ண மூடிக்கிட்டு எடுக்கச் சொன்னானா?’ இல்லத்தலைவர்: ‘சவத்தத் தூக்கிப் போடு, வேற வாங்கிட்டு வருதேன்.’ குறிப்பு: சடலத்தை அகற்றுவது குறித்த உரையாடல். தீவிரம் மிக அதிகம்."

தளவாய் இருமினார். அந்த அம்மாள் தொடர்ந்தார்.

"காலை ஆறு ஐம்பத்திரண்டு. இல்லத்தரசி: ‘ஏங்க, காப்பி ஆறுது, குடிச்சுட்டுப் போங்க.’ தீவிரம் இல்லை."

இப்படி ஒவ்வொரு நாளாகப் படித்தார். விசிறி, துண்டு, குழம்புக்குப் புளி, டிவி சத்தம். ஒவ்வொரு சண்டைக்கும் கீழே கால் மணிக்குள் ஒரு காப்பி, ஒரு சாப்பிட வாங்க, ஒரு மாத்திரை போட்டாச்சா. அப்பாவும் அம்மாவும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மனசுக்குள் நாளை எண்ணிக்கொண்டு வந்தேன். திடீரென்று ஒன்று ஞாபகம் வந்தது. ஐயையோ.

"அத்தை, போதும் அத்தை," என்றேன்.

"பாதில நிறுத்தப்பிடாது," என்றுவிட்டு அவர் படித்தார். "ஆகஸ்ட் இரண்டு. மாலை ஐந்து பத்து. மகள், தாயிடம்: ‘அவுக தங்கமான மனுசருதான். அவுக அம்மாவ நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது. எதப் பாத்தாலும் நிராகரிக்கப்பட்டதுன்னு முத்திர குத்துற மூஞ்சி.’"

பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் என்று நான் காலைப் பார்த்தேன்.

"குறிப்பு: மூன்றாம் நபரைப் பற்றிய இழிவுரை. தீவிரம் மிதம்," என்று முடித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மிதம்னுதான் போட்டிருக்கு," என்றார். அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

கடைசி வரி நேற்றைக்குரியது. "இல்லத்தலைவர், இல்லத்தரசியிடம்: ‘பிள்ள போயிட்டா நீயும் நானுந்தான். அப்ப யாரு வந்து போதும்னு சொல்லுவா நம்மள?’ இல்லத்தரசி: ‘யாரும் சொல்ல வேண்டாம். விடிய விடியப் போடுவோம். பேசாம மட்டும் இருந்துராதீய.’ தீவிரம் இல்லை."

அதைப் படித்தபோது மட்டும் அவர் குரல் ஏறி இறங்கிற்று. போனை மடியில் வைத்தார்.

"அண்ணாச்சி," என்று அப்பாவைக் கூப்பிட்டார். "எங்க ஆபீஸ்ல வில்லங்கச் சான்று குடுப்போம். அதுல வில்லங்கம் ஏதும் இல்லன்னு வந்தா எல்லாருக்கும் சந்தோசம். ஆனா அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அந்த நெலத்துல இத்தன வருசமா ஒரு பதிவும் நடக்கலன்னு அர்த்தம். குடுக்கலும் இல்ல, வாங்கலும் இல்ல. எங்க வீடு தொண்ணூத்தெட்டு. விவரத்தத் தெறந்து பாத்தேன். மாசத்துக்கு ஒரே வரி. உரையாடல் பதிவாகவில்லை."

ஆறுமுகநயினார் தலையை ஆட்டவில்லை.

"சான்று வந்த புதுசுல, இவனுக்கு நல்ல எடம் அமையணும்னு ரெண்டு பேரும் வாய மூடினோம். ஒரு மாசந்தான்னு நெனச்சோம். நாலு வருசமாச்சு. இப்ப சாப்பாடு ரெடின்னு அடுக்களைல இருந்து போன்லதான் அனுப்புதேன். இவுக பெருவிரலத் தூக்கி ஒரு படம் அனுப்புவாக. பேசணும்னாலும் எதப் பேசன்னு தெரியல," என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. அந்த அம்மாளைப் பற்றி நான் சொன்னதை எல்லாம் நினைத்துக்கொண்டே தண்ணீர்த் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆறுமுகநயினார் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"அந்த நீலச் சட்ட," என்றார்.

"எந்த நீலச் சட்ட?" என்றார் செண்பகவல்லி அம்மாள்.

"பாத்திரக்காரனுக்கு எடுத்துப் போட்டியே. நாலு வருசமா கேக்கணும்னு இருக்கேன். அது நல்ல சட்ட."

"கிழிஞ்ச சட்ட அது."

"கிழியல."

"கக்கத்துல கிழிஞ்சிருந்துச்சு! நான் பாத்தேன்!"

"அது காத்து வரட்டும்னு நானே விட்டு வச்சது!"

"காத்துக்கா? கக்கத்துலயா? கல்யாண வீட்டுல கையத் தூக்கி அட்சத போட்டீயளே, அன்னைக்கு எத்தன பேர் பாத்தாகன்னு தெரியுமா? அந்தப் பக்கிச் சட்டைக்கு நாலு வருசமா மனசுல வச்சுக்கிட்டு மூஞ்சியத் தூக்கிட்டு இருந்தீயளாக்கும்!"

"நல்ல சட்டைய தூக்கிப் போட்டா மனசு வலிக்காதா, சவமே!"

"அப்பிடிக் கேளுங்க அண்ணாச்சி," என்று அப்பா உள்ளே புகுந்தார். "என் செருப்பையும் இவ இப்பிடித்தான்."

"நாய் கடிச்ச செருப்பு மைனி அது!" என்று அம்மா செண்பகவல்லி அம்மாள் பக்கம் திரும்பினாள்.

நாலு பேர் சத்தம். கூடம் அதிர்ந்தது. பஜ்ஜி எண்ணெயில் கருகிக்கொண்டிருந்தது, யாருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. தளவாய் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. அவருடைய அப்பா குரலைக் கேட்டு அத்தனை நாளாயிற்றாம்.

"உங்ககிட்ட முதல்லயே சொல்லிருக்கணும்," என்றேன்.

"எனக்குத் தெரியும்," என்றார். "தெனம் நீங்க போன்ல மாட்டுக் கதை கேக்கையில, பின்னால உங்க அம்மா குரல் கேக்கும். தொண்ணூத்தொண்ணு எடுக்குற வீட்டுல அப்பிடிக் கேக்குமா? அதக் கேக்கத்தான் கொஞ்சம் நீட்டி நீட்டிப் பேசுனேன்."

அப்போதுதான் அப்பாவுக்குச் சுரணை வந்தது. நான் உருவிய வயர் தரையில் கிடந்தது, தோழியின் விளக்கு மறுபடி மஞ்சளாகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏ பிள்ள, வயர மாட்டுத முன்னால அந்தப் பொத்தானத் தடைல தள்ளிருவமா? இந்த மாசமும் போயிருமே," என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்று செண்பகவல்லி அம்மாள் கையை நீட்டித் தடுத்தார். முகம் சிவந்திருந்தது, மூச்சு வாங்கிற்று, பத்து வயது குறைந்திருந்தது. "வயர மாட்டி விடுங்க, எல்லாம் பதிவாகட்டும். எங்களுக்கும் ஒரு ஆவணம் வேணும்லா? ஐப்பசில நல்ல முகூர்த்தம் ஒண்ணு இருக்கு, அத அப்புறம் பேசுவோம். ஏங்க, இந்தச் சட்ட விசயம் இன்னும் முடியல, இங்ஙன பாருங்க!"

அப்பா வயரை எடுத்து மாட்டினார். பச்சை எரிந்தது.

அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த மதிப்பெண் நான்கு. குறைந்த தொண்ணூற்றாறில் பாதிக்கு மேல் சம்பந்தி வீட்டார் போட்ட சண்டை.